பிக்கப்பில் காம்பர் பெட்டி ஏற்றப் பின் ஸ்பிறிங்கைப் பலப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கு வருபவர்களை ஏற்றித் திரியவும், குடும்பத்தோடு மன்னார், நுவரெலியா என்று போய்த் தங்கவும் பிக்கப்பின் பின்பெட்டியில் படுக்கை, சமையல் மேசையோடு ஒரு காம்பர் செய்து வைக்க யாழ்ப்பாணத்தில் பலர் விரும்புகிறார்கள். பெட்டி செய்து ஏற்றிய அன்றே வாகனம் பின்னால் குந்திவிடுகிறது. அப்போது கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்பவர்களின் சொல்லிலேயே அவை இங்கே இருக்கின்றன. பட்டை பட்டையாக அடுக்கிய பின் ஸ்பிறிங் உள்ள வாகனங்களை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சுருள் ஸ்பிறிங் உள்ளவற்றுக்குத் தனிக் கேள்வி பின்னால் வருகிறது.

பெட்டி ஏத்தின உடன பின்பக்கம் குந்துது. ஸ்பிறிங் பழுதோ?

பெரும்பாலும் பழுதில்லை. ஸ்பிறிங் பாரத்துக்கு ஏற்பத் தாழ்ந்துதான் ஆகும். வெறும் வாகனத்தில் பின்பக்கம் முன்பக்கத்தை விடச் சற்று உயர்ந்து நிற்பதும் பாரத்துக்கு இடம் விட்டுத்தான். பாரம் ஏறியபின் வாகனம் மட்டமாகவோ ஒரு விரல் தாழ்ந்தோ நின்றால் அதில் கை வைக்கத் தேவையில்லை.

கவலைப்படவேண்டிய அடையாளங்கள் வேறு. அச்சுக்கு மேலே செஸியில் (வாகனத்தின் அடிச்சட்டத்தில்) இருக்கும் இறப்பர் முட்டுக்கும் அச்சுக்கும் இடையில் பாரத்தோடு 5 சென்ரிமீற்றருக்குக் குறைவான இடைவெளி இருந்தால், சின்னக் கிடங்கிலும் அது அடிக்கும். முதல் தகடு எதிர்ப்பக்கமாக வளைந்து நின்றாலும், இரவில் எதிரே வருபவர்கள் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று லைற் போட்டுக் காட்டினாலும், ஸ்ரியறிங் வழமையை விட இலேசாக இருந்தாலும் வேலை செய்யத்தான் வேண்டும்.

ஸ்பிறிங்கைக் கூட்டினால் கூடப் பாரம் ஏத்தலாம்தானே அண்ணை?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். ஸ்பிறிங் வாகனத்தின் உயரத்தைத்தான் திருத்தும். வாகனம் சுமக்கக்கூடிய மொத்த நிறையை அச்சு, சில்லுத் தாங்கி (பெயாறிங்), ரயர், பிறேக், செஸி எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவற்றில் எது பலவீனமோ அதுதான் எல்லை. பலமான ஸ்பிறிங் போட்டதும் வாகனம் நிமிர்ந்து நிற்கும், ஓட்டுபவருக்குப் பாரம் தெரியாது, அதனால் இன்னும் கூட ஏற்றுவார். பின் அச்சுக் குழாய் வளைவதும் செஸி வெடிப்பதும் பெரும்பாலும் இப்படித் தொடங்குபவைதான்.

எல்லை எவ்வளவு என்பதைக் கதவோரத்திலோ இயந்திர அறையிலோ உள்ள தகட்டில் பார்க்கலாம், பதிவுப் புத்தகத்திலும் பார்க்கலாம். மொத்த நிறையிலிருந்து வெற்று நிறையைக் கழித்தால் வருவதற்குள் ஆட்கள், பெட்டி, தண்ணீர், சாமான் எல்லாம் அடங்கவேண்டும்.

அப்ப நிறையை எப்படி வடிவாய்க் கண்டுபிடிக்கிறது?

வேபிறிட்ஜில் (வாகனத்தை நிறுக்கும் தராசுத் தட்டில்) இரண்டு தடவை ஏற்றுங்கள். முதல் தடவை எரிபொருள் நிரப்பி, ஓட்டுநரோடு, பெட்டி இல்லாமல். இரண்டாம் தடவை பெட்டி, தண்ணீர், சாமான் எல்லாவற்றோடும். ஒவ்வொரு தடவையும் முதலில் முன் சில்லுகளை மட்டும் தட்டில் நிறுத்தி ஒரு நிறை, பிறகு முழு வாகனத்தையும் நிறுத்தி இன்னொரு நிறை எடுங்கள். முழு நிறையிலிருந்து முன் நிறையைக் கழித்தால் பின் அச்சு நிறை வந்துவிடும். தட்டும் சுற்றியுள்ள நிலமும் ஒரே மட்டமாக இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும்.

உதாரணத்துக்கு ஒரு டபிள் கப்பில் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்பில்) முன் 1080, பின் 880, மொத்தம் 1960 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அனுமதித்த மொத்த நிறை 2900 என்றால் 940 கிலோ மிச்சம். பெட்டி 480, தண்ணீர் 80, சாமான் 100 என்று 660 கிலோ போய்விட்டது. மேலும் மூன்று பேர் ஏறினால் ஏறத்தாழ 210 கிலோ. மிஞ்சுவது 70 கிலோதான். நிறுக்காமல் இதைக் கண்ணால் சொல்ல எவராலும் முடியாது.

அந்த 660 கிலோவை ஏற்றியபோது முன் அச்சில் 64 கிலோ குறைந்ததென்றால், அதிலிருந்து இன்னொன்றும் தெரியும். ரொயோற்றா ஹைலக்ஸில் 2005 முதல் வந்த டபிள் கப்களில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 308.5 சென்ரிமீற்றர். 64-ஐ 308.5-ஆல் பெருக்கி 660-ஆல் பிரித்தால் ஏறத்தாழ 30 வருகிறது. பாரத்தின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கிறது என்பது அதன் பொருள். பின் அச்சு 660 அல்ல, 724 கிலோவைச் சுமக்கிறது. இந்த 724-ஐ நினைவில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

பெட்டி இன்னும் செய்யேல்லை. செய்யமுதலே பாரத்தைக் கணக்குப் பாக்க ஏலுமோ?

ஏலும், அதுதான் நல்ல நேரமும். 8 அடிக்கு 4 அடிப் பிளைவுட் 12 மில்லிமீற்றரில் ஏறத்தாழ 21 கிலோ, 18 மில்லிமீற்றரில் 32 கிலோ. அதே அளவு தகரத்தில் 1.2 மில்லிமீற்றர் என்றால் 28 கிலோ, அதே தடிப்பில் அலுமினியம் என்றால் 10 கிலோவுக்கும் குறைவு. ஒன்றரை அங்குலச் சதுர இரும்புக் குழாய், 2 மில்லிமீற்றர் தடிப்பு, மீற்றருக்கு 2.3 கிலோ வரும். நம் ஊரில் பெட்டி செய்யும்போது கேட் செய்வதுபோல இரும்பில் அடித்துவிடுகிறார்கள். 60 மீற்றர் குழாய் போனால் அதுவே 138 கிலோ. குறுக்குக் கம்பிகளைக் குறைத்து, சுவருக்கு அலுமினியம் போட்டால் ஸ்பிறிங்கில் செலவழிக்க இருந்த காசில் பாதி மிச்சமாகும்.

தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ. 12.5 கிலோக் காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்த்து அதன் இரண்டு மடங்கு வரும், இரண்டு பேருக்கு 5 கிலோச் சிலிண்டரே போதும். தண்ணீர்த் தாங்கியும் பற்றறியும் கப்பின் (ஆட்கள் இருக்கும் முன்னறையின்) பின்சுவரோடு ஒட்டி, தரையில் இருக்கவேண்டும். பின்கதவோரம் தாங்கி வைப்பது வசதிதான், ஆனால் அந்தப் பாரம் நெம்புகோல்போல முன் அச்சைத் தூக்கும்.

டபிள் கப்போ சிங்கிள் கப்போ காம்பருக்கு நல்லம்?

ஒரே வரிசை இருக்கை உள்ள சிங்கிள் கப். டபிள் கப்பின் பின்பெட்டி ஒன்றரை மீற்றர்தான், அதிலும் அதிக பங்கு அச்சுக்குப் பின்னால். ஆள் நீட்டிப் படுக்கவேண்டுமென்றால் பெட்டி இன்னும் பின்னுக்கு நீளும். சிங்கிள் கப்பில் பாரத்தின் நடுப்புள்ளியை அச்சுக்கு நேரே, சற்று முன்னால்கூட வைக்கலாம். ஏற்கனவே டபிள் கப் வைத்திருப்பவர் பெட்டியைப் பின்னுக்கு நீட்டாமல், படுக்கையைக் கப்பின் கூரைக்கு மேலே முன்னுக்கு நீட்டலாம். காற்றுக்கு அது நல்லதல்ல, நிறைக்கு நல்லது.

சரி, நிறை எல்லைக்குள்ள இருக்கு. முதல்ல எதில காசு போடவேணும்?

ரயரில். பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் ஒரு சுமை எண் இருக்கும். 110 என்றால் ஒரு ரயருக்கு 1060 கிலோ, 112 என்றால் 1120, 121 என்றால் 1450. இந்த அளவு உயர்ந்தபட்சக் காற்றில்தான் கிடைக்கும். பின் அச்சு நிறையைப் பாதியாக்கி, அதற்கு மேல் நாலில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கும் ரயரைப் போடுங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் காருக்கான மெல்லிய பக்கச்சுவர் ரயர் பெட்டியோடு வளைவில் நெளியும். அந்த நெளிவை ஸ்பிறிங்கின் குற்றம் என்று நினைத்துத் தகடு கூட்டுபவர்கள் உண்டு.

காற்றைக் காலையில், ஓடமுதல் பாருங்கள். ஏ9 வீதியில் வெயிலில் ஓடிவந்த ரயரில் காற்றைக் குறைக்கக் கூடாது. சூட்டில் ஏறிய அழுத்தம் அது, ஆறினால் தேவைக்குக் கீழே போய்விடும்.

தகடு கூட்டிறதோ, காற்றுப்பை போடுறதோ, இறப்பர் முட்டுப் போடுறதோ? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்லினம்.

மூன்றும் மூன்று வேலை. பெட்டி எப்போதும் வாகனத்தில் இருக்கப்போகிறதென்றால் தகடுதான் சரி. பாரம் முன் தொங்கியிலும் (ஸ்பிறிங்கின் முன் முனையைப் பிடிக்கும் தாங்கி) பின் ஷக்கிளிலுமாக (பின் முனையைப் பிடித்து ஆடும் இணைப்பு) செஸியின் இரண்டு இடங்களுக்குப் பிரிந்து போகிறது, தொழிற்சாலை நினைத்த வழியும் அதுதான். ஒரேயொரு குறை, பெட்டி இல்லாத நாளில் வாகனம் துள்ளும்.

காற்றுப்பை என்பது விபத்தில் விரியும் பை அல்ல. அச்சுக்கும் செஸிக்கும் இடையில் வைத்துக் காற்றடிக்கும் இறப்பர்ப் பை. மாதத்தில் இரண்டு நாள் பெட்டி ஏற்றி மிச்ச நாள் இறக்கி வைப்பவருக்கு அது வசதி, காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் பாரம் செஸியின் ஒரே இடத்தில் குத்துகிறது. அதன் விளைவு கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

உள்ளே வெற்றிடம் உள்ள தடித்த இறப்பர் முட்டு பழைய முட்டின் இடத்திலேயே பூட்டுப்படும். காற்று இல்லை, கசிவு இல்லை, அரை மணி நேர வேலை. கடைசிச் சில அங்குலத்தில்தான் அது வேலை செய்யும். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் குந்தலுக்கு இதுவே காணும். பெட்டி 300 கிலோவுக்குள் என்றால் வேறொன்றையும் பார்க்கமுதல் இதைப் பூட்டிப் பாருங்கள்.

தகடு எண்டால் எத்தனை போடவேணும்? மெக்கானிக் இரண்டு எண்டார், கடைக்காரர் மூண்டு எண்டார்.

இருவரும் உங்கள் வாகனத்தை அளக்கவில்லை. நீங்கள் அளக்கலாம். மட்டமான தரையில் நிறுத்தி, பின் சில்லின் நடுவிலிருந்து மேலே மட்காட் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். 50 கிலோச் சீமெந்துப் பை பத்தை அச்சுக்கு நேர் மேலே அடுக்குங்கள். வாகனத்தைச் சற்று முன்னும் பின்னும் உருட்டிவிட்டு மறுபடி அளவுங்கள். 90 மில்லிமீற்றர் தாழ்ந்தால், 500-ஐ 90-ஆல் பிரிக்க மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 5.6 கிலோ. இதுதான் இரண்டு ஸ்பிறிங்கும் சேர்ந்த விறைப்பு. முன்னே கண்ட 724 கிலோவுக்கு இது 130 மில்லிமீற்றர் தாழும்.

நாலு தகட்டுக் கட்டில் அதே தடிப்பில், கிட்டத்தட்ட முழு நீளத்தில் ஒன்றைக் கூட்டினால் விறைப்பு நாலில் ஒரு பங்கு ஏறும். 5.6 போய் 7 ஆகும், தாழ்வு 103 மில்லிமீற்றர். இரண்டைக் கூட்டினால் 8.4, தாழ்வு 86. கூட்டும் தகடு பழைய தகடுகளை விடக் கூட வளைந்திருந்தால் வெறும் வாகனமும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அடியில் உள்ள தடித்த நேர்த்தகடு தொட்ட பிறகு ஸ்பிறிங் இன்னும் விறைக்கும். ஆகவே கணக்கு வழிகாட்டிதான், ஆனால் வாய்ச்சொல்லை விட எவ்வளவோ மேல்.

தடிப்பில் கவனம் தேவை. விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 7 மில்லிமீற்றருக்குப் பதில் 8 போட்டால் அந்தத் தகடு ஒன்றரை மடங்கு விறைப்பு. 8-க்குப் பதில் 10 போட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. லொறித் தகட்டை வெட்டிப் போடும்போது இதுதான் நடக்கிறது. தடித்த தகடு வளையாது, மெல்லிய முதல் தகடு எல்லா அசைவையும் வாங்கி, போல்ட் போகும் அதன் சுருட்டிய முனையான ‘கண்ணுக்கு’க் கிட்ட முறியும்.

பழைய தகட்டைச் சூடாக்கி அடிச்சு வளைச்சால் காணாதோ? செலவு குறைவெல்லோ.

சில மாதம் காணும். ஸ்பிறிங் இரும்பின் பலம் அதன் வெப்பப் பதத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 850 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி குறைந்த சூட்டில் பதப்படுத்தியெடுப்பார்கள். உலையில் ஒரு இடத்தை மட்டும் சிவக்க வைத்து அடித்தால் அந்த இடத்துப் பதம் போய்விடும். பிறகு அங்கேயே தாழும், அல்லது அங்கேயே முறியும். சூடாக்காமல் குளிரில் சம்மட்டியால் வரிசையாகத் தட்டி வளைப்பது அதை விட மேல், ஆனால் களைத்த தகடு களைத்ததுதான்.

தகட்டில் ஒட்டுவேலை கூடவே கூடாது. முறிந்த தகட்டை ஒட்டுவது மட்டுமல்ல, பக்கத்தில் வேறு எதையோ ஒட்டும்போது தீப்பொறி தெறிப்பதும் வெடிப்புக்கு விதை. புதிய கட்டு இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அதே மொடலின் அதிக பாரம் இழுக்கும் வகையின் முழுக் கட்டைத் தேடுவது, துண்டு துண்டாகச் சேர்ப்பதிலும் நல்லது.

தகடு கூட்டுற வேலையில கவனிக்கவேண்டியது என்ன? யூ போல்ட் பழசையே போடலாமோ?

ஸ்பிறிங்கை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்டைப் புதிதாகத்தான் போடவேண்டும். இறுக்கும்போது அது சற்று நீண்டு, அந்த இழுவையால்தான் தகட்டுக் கட்டைப் பிடிக்கிறது. ஒருமுறை நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது. தகடு 8 மில்லிமீற்றர் கூடினால் யூ போல்டின் காலும், தகடுகளை நடுவில் கோக்கும் நடு போல்டும் அவ்வளவு நீளவேண்டும்.

முன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். செஸியைத் தூக்கி உறுதியான ஸ்ராண்டில் நிறுத்துங்கள், ஜக்கை மட்டும் நம்பவேண்டாம். டிஃபரன்சியலுக்கு (பின் அச்சின் நடுவில் உள்ள உருண்டைப் பகுதிக்கு) அடியில் இன்னொரு ஜக் கொடுத்து அச்சைத் தாங்குங்கள். பிறேக் குழாயில் அச்சுத் தொங்கக்கூடாது. நடு போல்டைக் கழற்றமுதல் அதன் இரு பக்கமும் ஜி கிளாம்பால் தகட்டுக் கட்டை நெரியுங்கள், இல்லாவிட்டால் தகடுகள் தெறிக்கும். புதிய தகட்டை நீள ஒழுங்கில் செருகி, முனைகளின் கூர்மையைத் தேய்த்து எடுங்கள். நடு போல்டின் தலை அச்சுத் தட்டில் உள்ள துளைக்குள் சரியாக இறங்கியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது விளிம்பில் ஏறி நின்றால் பின் அச்சுக் கோணலாகி, வாகனம் நண்டு நடப்பதுபோல ஓடும், ரயர் தேயும்.

நாலு நட்டையும் குறுக்குமறுக்காக, மூன்று நாலு தவணையில், கைநூலில் உள்ள அளவுக்கு ரோர்க் றெஞ்சால் இறுக்குங்கள். கண் போல்டையும் ஷக்கிள் போல்டையும் மட்டும் அப்போது இறுக்கவேண்டாம். வாகனத்தை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் இருக்கும்போதுதான் இறுக்கவேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் புஷ் இறப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு கிளிநொச்சி போய்த் திரும்பினால் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். வந்ததும் யூ போல்டை மறுபடி இறுக்குங்கள், அநேகமாக எல்லா நட்டும் இன்னும் கொஞ்சம் இறுகும். 500, 1000 கிலோமீற்றரிலும் ஒருக்கால் பாருங்கள்.

ஷொக்கை மாத்தினால் குந்தாதெண்டு சொல்லினம், உண்மையோ?

ஷொக் பாரம் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஆனால் ஸ்பிறிங்கை விறைப்பாக்கினால் பழைய ஷொக்கால் அதன் துள்ளலைப் பிடிக்க முடியாது. மதகில் ஏறி இறங்கியபின் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடினால் மாற்றுங்கள். வாகனம் 4, 5 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் நீளம் கூடிய ஷொக் வேண்டும், இல்லாவிட்டால் சில்லுக் கிடங்கில் இறங்கும்போது ஷொக்தான் அச்சை இழுத்துப் பிடிக்கும், தண்டு கழன்றுவரும்.

காற்றுப்பைக்கு எவ்வளவு காத்து அடிக்கிறது?

தயாரிப்பாளர் எழுதிய குறைந்த அளவுக்குக் கீழே ஒருபோதும் விடவேண்டாம். பல பைகளில் அது 5 பீஎஸ்ஐ (ரயர்க் காற்றை அளக்கும் அதே அலகு). வெறும் பை மடிந்து தன்னையே கடித்துக் கிழியும். பெட்டி ஏற்றியபின் 30-இல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டி, பின் உயரத்தை அளந்துகொண்டே போங்கள். வெறும் வாகனத்தின் உயரத்துக்கு ஏற்ற முயலாதீர்கள். குந்தியதில் பாதியோ சற்றுக் கூடவோ மீண்டால் நிறுத்துங்கள்.

இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அமுங்கும் பையிலிருந்து காற்று மற்றப் பைக்கு ஓடி, வாகனம் இன்னும் சரியும். பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டரை சென்ரிமீற்றர் வெளி இருக்கட்டும். சைலன்சர்க் குழாய் பக்கத்தில் போனால் இடையில் தகரம் வையுங்கள். பூட்டிய அன்று சவர்க்காரத் தண்ணி தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

காற்றுப்பை போட்டால் செஸி வளையுமெண்டு பயப்படுத்தினம்.

பயம் நியாயமானது. அவுஸ்திரேலியாவில் இப்படி முறிந்த டபிள் கப்கள் அதிகம் பேசப்பட்டவை. ஸ்பிறிங் பாரத்தை இரண்டு முனைகளுக்குக் கொடுக்கும் என்று மேலே சொன்னோம். பை அதை நடுவில் ஒரு புள்ளியில் கொடுக்கிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி, கிடங்கில் விழுந்தெழும்போது செஸியை அந்த இடத்தில் முழங்காலில் வைத்து விறகு முறிப்பதுபோல முறிக்கிறது. கப்புக்கும் பின்பெட்டிக்கும் நடுவில்தான் அநேகமாக வளையும்.

ஆகவே பாரத்தைத் தகட்டுக்குக் கொடுங்கள், கடைசி ஒரு அங்குலத்தைத் திருத்த மட்டும் பையை வையுங்கள். பாரத்தின் நடுப்புள்ளியை முன்னே கொண்டுவருவது இதற்கும் மருந்து. பெட்டி வைக்கமுதலே கப்புக்கும் பின்பெட்டிக்கும் இடையிலுள்ள வெளியை மேலும் கீழும் அளந்து எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை அளக்கும்போது மேல் வெளி விரிந்து வந்தால் செஸி தாழத் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் மயிரிழை போலப் பெயின்ற் வெடித்திருந்தாலும் அதேதான். உடனே பெட்டியை இறக்குங்கள்.

பின்பக்கத்தை உயர்த்தின பிறகு பிறேக் பிடிக்கிறது குறைஞ்ச மாதிரி இருக்கு. மனப்பிரமையோ?

பிரமை இல்லாமல் இருக்கலாம். பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து செஸிக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அது செஸியில் உள்ள வால்வோடு இணைந்து, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிறேக்குக்கு அழுத்தம் விடும். தாழ்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று கூட விடும். உயர்ந்திருந்தால் வெறும் வாகனம் என்று குறைக்கும். நீங்கள் 600 கிலோ ஏற்றிவிட்டு ஸ்பிறிங்கால் நிமிர்த்தினால் அந்த வால்வு ஏமாந்துபோகிறது. முன் பிறேக்தான் முழுப் பாரத்தையும் நிறுத்துகிறது. கடுகண்ணாவை மலை இறக்கத்தில் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

வாகனத்துக்கு அடியில் படுத்து அந்தக் கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இலத்திரனியல் முறையில் பிறேக்கைப் பிரிக்கும் புதிய வாகனங்களில் பெரும்பாலும் இராது. இருந்தால், வாகனம் உயர்ந்த அளவுக்குக் கம்பியின் அச்சுப்பக்கத் தாங்கியையும் உயர்த்தவேண்டும், பிறகு கராஜில் அழுத்தமானி பூட்டிக் கைநூல் அளவோடு ஒப்பிடவேண்டும். வால்வை அடைத்துவிடுவதோ கம்பியை மேலே கட்டிவிடுவதோ வேண்டாம். மழை நாளில் வெறும் வாகனத்தின் பின் சில்லு பூட்டி வாகனம் சுழலும்.

ஆனையிறவில காத்துக்கு வாகனம் ஆடுது. இன்னும் ஒரு தகடு போடட்டோ?

பொறுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் ஆனையிறவிலும் பண்ணைப் பாலத்திலும் சங்குப்பிட்டியிலும் மறைப்பே இல்லை, இரண்டு மீற்றர் உயரப் பெட்டி பாய் விரித்த வள்ளம்போல நிற்கும். முதலில் பெட்டி வாகனத்தோடு சேர்ந்து ஆடுகிறதா, தனியாக ஆடுகிறதா என்று பாருங்கள். பின்பெட்டியின் மெல்லிய விளிம்புத் தகரத்தில் கட்டியிருந்தால் அது தனியாகத்தான் ஆடும். நாலு மூலையிலும் செஸியோடு பிடித்த தாங்கிகளுக்கு இறுக்குத் திருகாணியால் கட்டி, அடியில் இறப்பர் விரிப்புப் போடுங்கள்.

அதற்குப் பிறகும் சரிந்தால் பின்பக்கத்துக்கு ஒரு ஸ்ரபிலைசர் கம்பி பூட்டுவதுதான் வழி. அது பாரம் தாங்காது, ஒரு பக்கம் மட்டும் சரிவதைத்தான் தடுக்கும். தகடு கூட்டுவது கொஞ்சம் உதவும், ஆனால் பயணத்தைக் கரடுமுரடாக்கித்தான் உதவும். மேலே அடுக்கிய சாமானைக் கீழே இறக்குவதற்குச் செலவே இல்லை.

எடுக்கேக்க அடியில அதிருது, வேகம் பிடிச்சால் போயிடுது. ஏன்?

பின்பக்கம் உயர்ந்ததால் எஞ்சின் வலுவைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புறொப்பல்லர் தண்டின் கோணம் மாறியிருக்கிறது. தண்டு இரண்டு துண்டாக இருந்தால் நடுத் தாங்கிக்கு மெல்லிய தகட்டு வொஷர் வைத்து இறக்கலாம். போதாவிட்டால் ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் இடையில் இரண்டு மூன்று பாகை ஆப்புத் தகடு வைக்கவேண்டும். ஆப்பு இரும்பாக இருக்கட்டும், அலுமினியம் நசியும்.

என்ர நவாராவில பின்னால சுருள் ஸ்பிறிங். அதுக்கு என்ன செய்யிறது?

விறைப்புக் கூடிய சுருளை மாற்றிப் போடலாம், அல்லது சுருளுக்குள் புகுத்தும் காற்றுப்பை போடலாம். உள்ளே வைக்கும் பை சுருள் தாங்கும் அதே இடத்தில்தான் தாங்குகிறது, ஆகவே செஸிக் கவலை பட்டை ஸ்பிறிங் வாகனத்தை விடக் குறைவு. மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

டிமோ பட்டாவில சின்னதாய் ஒண்டு செய்யலாமோ?

பட்டா சின்ன லொறி. படுக்கை விரித்த தட்டையான கூடு என்றால் செய்யலாம், ஆள் நிமிர்ந்து நிற்கும் பெட்டி என்றால் வேண்டாம். அச்சு இடைத்தூரம் 2100 மில்லிமீற்றர், சில்லு 12 அங்குலம், எஞ்சின் 702 சீசீ. உயரப் பெட்டியின் காற்றைத் தாங்க அகலமும் காணாது, மலையேற வலுவும் காணாது. ஸ்பிறிங் எவ்வளவு போட்டாலும் இந்த இரண்டும் மாறாது.

உப்புக்காத்தில தகடு கறள் பிடிச்சுக் கிறீச்சிடுது. ஒயில் விடலாமோ?

பழைய எஞ்சின் ஒயில் வேண்டாம், புஷ் இறப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், மணலையும் பிடித்து வைத்திருக்கும். கசூரினா பக்கமோ தீவுப் பக்கமோ போய்வந்தால் அன்றே நல்ல தண்ணியால் தகட்டுக் கட்டையும் ஷக்கிளையும் அடித்துக் கழுவுங்கள். நம் கிணறு சிலவற்றில் தண்ணியே உவர், அதால் கழுவிப் பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறை பாரத்தை இறக்கி, செஸியைத் தூக்கித் தகடுகள் விலகும்போது கம்பித் தூரிகையால் தேய்த்து, இடையில் கிறபைற் கிறீஸ் வையுங்கள். முனைகளில் பிளாஸ்ரிக் தட்டு இருந்தால் அது தேய்ந்திருக்கிறதா பாருங்கள், கிறீச்சுச் சத்தம் அநேகமாக அங்கிருந்துதான். யூ போல்ட் மரைக்கு மெழுகோ கிறீஸோ தடவலாம், ஆனால் இறுக்கி முடித்த பிறகு, வெளியே தெரியும் மரைக்கு மட்டும்.

பெட்டி வைச்சால் பதிவில ஏதும் மாத்தவேணுமோ?

கழற்றி இறக்கக்கூடிய பெட்டி சாமானைப்போல, நிலையாகப் பொருத்தியது வாகனத்தின் உடலை மாற்றியதைப்போல. இரண்டாவது வகையென்றால் வேலை தொடங்கமுதலே வரைபடத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், முடிந்தபின் போவது கடினம். காப்புறுதிக் கம்பனிக்கு இரண்டு வகைக்கும் எழுத்தில் அறிவியுங்கள். ஸ்பிறிங் மாற்றியதையும் சேர்த்து எழுதுங்கள்.

எல்லாம் செய்தாச்சு, ஆனால் இடப்பக்கம் மட்டும் தாழ்ந்து நிக்குது. எந்த ஸ்பிறிங் பிழை?

ஸ்பிறிங்கைக் குற்றம் சொல்லமுதல் பெட்டியை இறக்கி அளவுங்கள். வெறும் வாகனம் நேராக நின்றால் பிழை பெட்டிக்குள். தண்ணீர்த் தாங்கி, பற்றறி, சமையல் மேசை, காஸ் நாலும் ஒரே பக்கச் சுவரில் போயிருக்கும், ஏனென்றால் கதவு மற்றப் பக்கம். 100 லீற்றர்த் தாங்கியை நடுவுக்கு எடுத்தாலே பாதி சரியாகும்.

வெறும் வாகனமும் சரிந்து நின்றால் இடது வலது கட்டுகளைக் கழற்றி மாற்றிப் பூட்டிப் பாருங்கள். சரிவு பக்கம் மாறினால் ஸ்பிறிங், மாறாவிட்டால் ஷக்கிள், தொங்கி அல்லது செஸி. ஒரு பக்கத்துக்கு மட்டும் தகடு கூட்டி நிமிர்த்துவது வேண்டாம். பிறேக் பிடிக்கும்போது அந்தப் பக்கம் வேறு விதமாக நிற்கும். காற்றுப்பை இருந்தால் இரண்டு பைக்கும் 5, 10 பீஎஸ்ஐ வித்தியாசம் வைக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பாரம் இன்னும் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது, பெட்டியின் கதவைத் திறந்து மறுபடி அடுக்குங்கள்.